சார் பெயரில்

படத்தில் சாருக்குப் பக்கத்தில் ஒரு தோள் இருந்தது. மேடையில் நாற்காலி மேல் சாய்த்து வைத்து, சம்பங்கி மாலை போட்டு, கீழே விளக்கு ஏற்றியிருந்த படம். தோளில் அரக்குச் சேலையும் அதன் மெல்லிய கரையும் தெரிந்தன, முகம் இல்லை. பலர் சேர்ந்து நின்ற ஒரு படத்திலிருந்து சாரை மட்டும் எடுத்துப் பெரிதாக்கும்போது யாரோ அந்தத் தோளை விட்டுவிட்டார்கள். கருத்தரங்க அறையில் வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தமயந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏனென்றால் அது அவளுடைய தோள். அந்தச் சேலை இன்னும் பீரோவில் இருக்கிறது. அன்றைக்கு சார் எதற்கோ சிரித்தார், அவளும் சிரித்தாள், சிரிப்பு வந்ததும் வழக்கம்போலக் கை வாய்க்குப் போனது. “மேடம், கையை எடுங்க, முகம் மறைக்குது” என்றார் படம் எடுத்தவர். அவள் கையை எடுத்துவிட்டு, பல் தெரியாமல் உதட்டை மூடிக்கொண்டாள். சின்ன வயதில் குடித்த ஊர்த் தண்ணீர் பல்லில் பழுப்புக் கறையாக நின்றுவிட்டது, தேய்த்தால் போகாத கறை, எனாமலுக்குள்ளேயே ஊறிய கறை. வகுப்பில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருந்தது, அதனால் பள்ளிக்கூடம் முடியும்வரை அது தவறு என்றே தெரியாது. கல்லூரி விடுதியில்தான் ஒருத்தி, “உங்க ஊர்ல பல்லே தேய்க்க மாட்டீங்களாடி?” என்று கேட்டாள். தண்ணீரில் இருப்பது ஃபுளோரைடு, அது அளவுக்கு மேல் போனால் பல்லைக் கெடுக்கும், பிறகு எலும்பைக் கெடுக்கும் என்று முதன்முதலில் அவளுக்குச் சொன்னவர் இந்தப் படத்தில் இருப்பவர். பேராசிரியர் மாதப்பன். இறந்து இன்னும் காரியம்கூட முடியவில்லை. அவருக்காகத்தான் இந்த இரங்கல் கூட்டம். மடியில் இருந்த கைப்பைக்குள் செல்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்க்காமலே யாருக்கு வந்தது என்று அவளுக்குத் தெரியும். சாருக்கு.

அவள் செல்பேசியில் இரண்டு மின்னஞ்சல் கணக்குகள் இருந்தன. நீல வட்டம் அவளுடையது, பச்சை வட்டம் சாருடையது. பச்சை வட்டத்தில் ஒரு நினைவூட்டல். மதிப்புக்குரிய பேராசிரியர் மாதப்பன் அவர்களுக்கு, தாங்கள் ஏற்றுக்கொண்ட கட்டுரையின் மதிப்பாய்வு இன்று வந்துசேர வேண்டும். இறந்தவர்களுக்கு நினைவூட்டல் அனுப்புவதில் அந்த ஆய்விதழின் இயந்திரத்துக்குச் சங்கடம் ஏதுமில்லை. ஒருவர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினால், அதே துறையில் அறிவுள்ள இன்னும் இரண்டு பேருக்கு அதை அனுப்பி, இது மெய்தானா, அச்சேற்றலாமா என்று கேட்பார்கள். அவர்கள் யாரென்று எழுதியவருக்குத் தெரியக் கூடாது. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. யாரும் அருகில் நின்று பார்ப்பதும் இல்லை. மற்றவர் உழைப்பை ஒழுங்காகப் படித்துப் பார்த்து உள்ளதைச் சொல்வார்கள் என்று நம்புவதைத் தவிர அந்த ஏற்பாட்டுக்கு வேறு தூண் இல்லை. இதை சார் வகுப்பில் சொல்லும்போது மேசையில் விரலால் தட்டுவார். ஒரு தடவை தட்டிவிட்டு, “அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல பின்னாடி” என்பார். மேசை ஆடும். ஒரு காலில் அட்டை மடித்து வைத்திருப்பார்கள். இப்போது அந்த மேசையில்தான் இனிப்பில்லாத காபித் தம்ளர்கள் அடுக்கியிருக்கிறார்கள், இரங்கல் கூட்டத்துக்கு இனிப்பு ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டதால் காபியிலும் சர்க்கரை போடவில்லை. பக்கத்தில் ராஜாமணி அம்மா அந்தக் காபியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். சாரின் மனைவி. காலையில் ஆட்டோ வைத்து அவரை அழைத்து வந்தவள் தமயந்திதான். கல்லூரி வாசலில் இறங்கும்போது அவர், “அந்தச் சான்றிதழை வைப்பாங்களா கண்ணு?” என்றார். வைத்திருந்தார்கள். படத்துக்கு வலப்பக்கம், கண்ணாடி போட்ட சட்டத்தில். ஆண்டின் சிறந்த மதிப்பாய்வாளர். அந்த ஆண்டு சாரால் ஸ்பூன்கூடப் பிடிக்க முடியவில்லை.

எப்போது ஆரம்பித்தது என்று யோசித்தால் ஆரம்பம் கிடைக்க மாட்டேன் என்கிறது. தவறு மாதிரி எதுவும் ஆரம்பிக்கவில்லை. எல்லாத் துறையிலும் நடப்பதுதான். பேராசிரியருக்குக் கட்டுரை வரும், பேராசிரியர் ஆய்வு மாணவரிடம் கொடுப்பார், படிச்சுட்டு நாலு வரி எழுதிக் கொண்டாப்பா, கத்துக்கலாம். மாணவர் எழுதிக் கொண்டுபோவார், பேராசிரியர் திருத்தி, தன் பெயரில் அனுப்புவார். சார் நன்றாகத் திருத்துவார். “கோபத்துல எழுதியிருக்கே. இவன் தப்பு பண்ணினது மூணாவது பக்கத்துல, நீ முதல் பக்கத்துலயே அடிக்க ஆரம்பிச்சுட்டே” என்று சிரிப்பார். அப்புறம் கடவுச்சொல்லைக் கொடுத்தார், தினமும் கேட்டுத் தொந்தரவு பண்ணாதே என்று. மகள் பெயரும் பிறந்த ஆண்டும். மகள் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள் என்று தமயந்திக்குப் பிறகுதான் தெரிந்தது, அதன்பின் அந்த எழுத்துகளை அடிக்கும்போதெல்லாம் யாருடைய வீட்டு உள்ளறைக்குள்ளோ செருப்போடு நுழைவதுபோல் இருக்கும். அப்புறம் பக்கவாதம். வலது பக்கம் போனது, பேச்சு போனது. வாரம்தோறும் மாலையில் அவள் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியதைப் படித்துக் காட்டினாள். சரின்னா ஒரு தடவை கண்ணை மூடுங்க சார். மூடினார். ராஜாமணி அம்மா கதவோரம் நின்று, “அவருக்கு எல்லாம் புரியுது கண்ணு, பேசத்தான் முடியல. நீ வந்துட்டுப் போனாத்தான் அன்னிக்கு நல்லா தூங்கறாரு” என்றார். கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றை அனுப்பினால் இரண்டு வந்தது. சாருக்கு முடியவில்லை என்று இதழுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் வருவது நின்றுவிடும், வருவது நின்றால் அவருக்குத் தூக்கம் வராது என்று நினைத்தாள். அல்லது நின்றால் தனக்குத் தூக்கம் வராது என்று நினைத்தாளா? அவள் தன் பெயரில் எழுதினால் நாலு இதழ் பதில்கூடப் போடாது, தற்காலிக உதவிப் பேராசிரியர், கேள்விப்படாத கல்லூரி. சார் பெயரில் எழுதும்போது நார்வேயிலிருக்கும் இதழாசிரியர்கூட வரிக்கு வரி நன்றி சொன்னார். அந்த ஒரு பிற்பகலை நினைக்க வேண்டாம். வேண்டாம், மேடையைப் பார்.

மேடையில் கல்லூரி முதல்வர் பேசி முடித்து, துறைத்தலைவர் புகழேந்தி மைக்கைப் பிடித்திருந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பட்டை. “சாரைப் போல ஒரு நேர்மையாளரை நான் பார்த்ததில்லை. படுத்த படுக்கையா இருந்தப்பவும் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்தார். நோயாளியா இருந்துகொண்டு உலகத்துக்கே நீதிபதியா இருந்தார். இந்தச் சான்றிதழ் அதுக்குச் சாட்சி.” கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் சிலர் தட்டினார்கள், மற்றவர்கள் தட்டியவர்களைப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து இயற்பியல் கதிரேசன் முன்னால் சாய்ந்து, “பாருங்க மேடம், காலேஜுக்குத் தரம் போடற கமிட்டி அடுத்து வரும்போது இந்தப் போட்டோவையும் விளக்கையும் இப்படியே விட்டுவெச்சு மார்க் வாங்கிருவாங்க” என்றார். “சும்மா இருங்க சார், அம்மா பக்கத்துல இருக்காங்க.” “நான் செத்தா இவரைப் பேசக் கூப்பிடாதீங்க, என் பெண்டாட்டிக்கே அடையாளம் தெரியாது.” சிரிப்பு வந்தது. கை வாய்க்குப் போனது.  படுத்த படுக்கையில் நீதிபதி. நார்வேயிலோ நைஜீரியாவிலோ யாரோ ஒரு பையன் இரவு பகலாக உட்கார்ந்து எழுதிய கட்டுரைக்கு, ஏற்கத்தக்கதல்ல என்று பதில் போயிருக்கிறது, மாதப்பன் என்று பெரிய பெயர் சொன்னதால் எதிர்ப்பேச்சில்லாமல் போயிருக்கிறது. அன்றைக்கு அவளுக்குத் தலைவலியாக இருந்திருக்கலாம். வகுப்பில் யாரோ எதிர்த்துப் பேசியிருக்கலாம். எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் படித்தாள். ஒழுங்காகப் படித்தாள் என்பதற்கு அவள்தான் சாட்சி, வேறு யார்? விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல பின்னாடி.

இப்போது காத்திருக்கும் கட்டுரை புகழேந்தியுடையது. அதை நினைக்காமல் இருக்கத்தான் வேறு எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்கே தெரிகிறது. புளியம்பழ ஓட்டைச் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரி வழியாகத் தண்ணீரை விட்டால் ஃபுளோரைடு தங்கிவிடும், அதை வைத்து மலிவாக வடிகட்டி செய்யலாம் என்பது கட்டுரை. நல்ல யோசனைதான். கொஞ்ச காலத்துக்கு உறிஞ்சும் என்று சாரே பழைய நாளில் சோதித்திருக்கிறார், பிறகு கரி நிறைந்துவிடும், நிறைந்த பிறகு பிடித்து வைத்திருந்ததையும் சேர்த்து வெளியே விடும். புகழேந்தியின் கரி நிறைவதே இல்லை. மூன்று ஊர்த் தண்ணீரில் மாதக்கணக்கில் சோதித்ததாக மூன்று படங்கள், ஒவ்வொன்றிலும் ஃபுளோரைடு அளவைக் காட்டும் ஒரு கோடு. கோடு சீராக இறங்கி, நடுவில் ஒரு சின்ன மேடு ஏறி, மறுபடி இறங்குகிறது. அளக்கும்போது கை நடுங்கினாலோ மின்சாரம் ஏறி இறங்கினாலோ அப்படி ஒரு மேடு விழும், அதில் தவறில்லை. மூன்று ஊரிலும் அதே இடத்தில் அதே மேடு. அவள் தன் திரையில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள், மூன்று கோடும் ஒரே கோடாகிவிட்டது. ஒரே ஒரு ஊரில் அளந்திருக்கிறார்கள், அல்லது எந்த ஊரிலும் அளக்கவில்லை. மூன்றாவது ஊர் அவளுடைய ஊர். கட்டுரை வெளிவந்தால் அதைக் காட்டித் தொடக்கப் பள்ளிகளில் இந்த வடிகட்டியை மாட்டப் போகிறார்கள், துறை வாசலில் ஏற்கெனவே மாதிரி ஒன்று வந்து நிற்கிறது, நீல நிறத்தில், யானைப் படம் ஒட்டி. இனி போர்த் தண்ணியைக் குடிக்காதே, வடிகட்டித் தண்ணியைக் குடி என்று டீச்சர் சொல்வார். போன வருஷம் தண்ணீர் மாதிரி எடுக்கப் போனபோது குழாயடியில் ஒரு சிறுமி அவளைப் பார்த்துச் சிரித்தாள், சிரித்த உடனே கையால் வாயை மறைத்தாள். அந்தக் கை. அதை யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, அது தானாக வரும். அந்தச் சிறுமியும் இனி நீலப் பெட்டியில் தண்ணீர் பிடிப்பாள், கரி நிறைந்தது யாருக்கும் தெரியாது, தண்ணீர் தெளிவாக இருக்கும், ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை.

ஒரே துறையில் இருப்பவரின் கட்டுரை மதிப்பாய்வுக்கு எப்படி சாருக்கு வரும் என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை. ஓய்வு பெற்றபின் சார் இதழின் கணக்கில் கல்லூரிப் பெயரை எடுத்துவிட்டு வீட்டு முகவரியைப் போட்டிருந்தார், தூரத்தில் இருக்கும் இதழாசிரியருக்கு இருவரும் ஒரே வராந்தாவில் நடந்தவர்கள் என்று எப்படித் தெரியும்? அழைப்பு வந்தபோது சார் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். அவள் வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, என்ன செய்கிறோம் என்று நினைக்காமல், வழக்கம்போல ஏற்கிறேன் என்பதை அழுத்தினாள். பெயரைப் பிறகுதான் பார்த்தாள். தற்செயல் என்று நினைத்தாள். இன்று காலைவரைக்கும் தற்செயல் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் தொடங்குமுன் புகழேந்தி வந்து ராஜாமணி அம்மாவின் முன்னால் குனிந்து கும்பிட்டார். “அம்மா, எதுவா இருந்தாலும் எனக்கு ஒரு போன் போடுங்க.” அம்மா தலையாட்டினார். புகழேந்தி நிமிரும்போது தமயந்தி பக்கம் திரும்பி, குரலை இறக்கினார். “சாருக்கு ஒரு வேலை பாக்கி நின்னுருக்குமே மேடம். இன்னிக்குக் கடைசி நாள்னு நினைக்கிறேன்.” அவள் கைப்பையின் வாயை இழுத்து மூடினாள். “சார் இருந்தா ஒரே நாள்ல முடிச்சிருப்பாரு. பெரிய மனசு. நல்லதா நாலு வார்த்தை எழுதியிருப்பாரு.” பிறகு சிரித்துக்கொண்டே, “உங்க பர்மனென்ட் ஃபைல் என் மேசைக்கு வந்திருச்சு. கூட்டம் முடிஞ்சதும் வாங்க, கையெழுத்துப் போட்டுறலாம்” என்றார். சந்தனம் மணத்தது அவர் மேல். சார் மதிப்பாய்வாளர் என்பது அவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது. தெரிகிறது, ஏனென்றால் கட்டுரை அனுப்பும்போது உங்களுக்குத் தெரிந்த வல்லுநர் இருவரின் பெயரைக் குறிப்பிடுங்கள் என்று இதழே கேட்கும், அங்கே அவர் சாரின் பெயரைக் கொடுத்திருக்கிறார். பேச முடியாத, கையெழுத்துப் போட முடியாத, சாகக் கிடந்த மனிதரின் பெயரை. யார் விசைப்பலகையில் விரல் வைப்பார்கள் என்று தெரிந்தே கொடுத்திருக்கிறார். எவ்வளவு காலமாகத் தெரியும்? வாரம்தோறும் மாலையில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு சார் வீட்டுக்குப் போவதை துறை ஜன்னலிலிருந்து பார்த்திருப்பார். அவரே போன வருஷம் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “சாரோட இங்கிலீஷ் இப்ப ரொம்ப மென்மையாயிடுச்சு” என்று சொன்னார். அப்போது அவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

வழி என்ன என்று மனம் மறுபடி மறுபடி அதே நாலு சுவரில் போய் முட்டியது. நல்லதென்று எழுதி அனுப்பலாம். அனுப்பினால் வேலை நிரந்தரம், நீலப் பெட்டி பள்ளிக்கூடத்தில். எழுதாமல் விட்டுவிடலாம். விட்டால் இன்னொரு மதிப்பாய்வாளரைக் கேட்பார்கள், அந்த இரண்டாவது பெயரும் புகழேந்தி கொடுத்த பெயராகத்தான் இருக்கும். தன் பெயரில் ஆசிரியருக்குத் தனியாக ஒரு கடிதம் போடலாம், இந்தக் கோடுகளைப் பாருங்கள் என்று. அந்தக் கட்டுரை உனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்பார்கள். கேட்காவிட்டாலும், தங்கள் புகாரை எழுதியவரின் நிறுவனத்துக்கு விசாரணைக்கு அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வரும், நிறுவனம் என்றால் துறைத்தலைவர், துறைத்தலைவர் என்றால் புகழேந்தி. மிச்சம் ஒன்று இருக்கிறது, எல்லாவற்றிலும் எளிதானது. சார் பெயரிலேயே நிராகரித்துவிடலாம். மூன்று படமும் ஒன்று, தள்ளுபடி செய்க, இப்படிக்கு மாதப்பன். எல்லோரும் நம்புவார்கள். சார் உயிரோடு இருந்திருந்தால் அதைத்தானே எழுதியிருப்பார்? உண்மையான ஒன்றைச் சொல்ல இன்னும் ஒரே ஒரு தடவை அந்தப் பெயர், அப்புறம் கணக்கை மூடிவிடலாம். ஒரே ஒரு தடவை. அதையும்தான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். இறந்த தேதிக்குப் பிறகு போட்ட ஒரு நிராகரிப்பை ஒரு நாள் யாராவது எடுத்துக் காட்டினால், அன்றைக்கு அந்த மூன்று கோடுகளும் நிரபராதியாகிவிடும். பொய்க் கையெழுத்தோடு வந்த உண்மையை யார் ஏற்பார்கள்? எடுத்துக் காட்டப் போகிறவர் யார் என்பதும் அவளுக்குத் தெரியும். சந்தனம் பூசிக்கொண்டு மேடையில் நிற்கிறார். சார் உயிரோடு இருந்திருந்தால். அங்கேதான் போய் மாட்டுகிறது. அந்தப் பிற்பகலுக்கு வந்துதானே ஆக வேண்டும். மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டிருந்த பிற்பகல். அம்மா கடைக்குப் போயிருந்தார். அவள் ஒரு மதிப்பாய்வைப் படித்தாள், இந்தக் கட்டுரையை ஏற்கலாம் சார் என்று முடித்தாள். சார் கண்ணை மூடித் திறந்தார். ஏனென்றே தெரியாமல் அவள் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள், இந்தத் தடவை, இந்தக் கட்டுரையை ஏற்கக் கூடாது சார் என்று முடித்தாள். சார் கண்ணை மூடித் திறந்தார். அதே மாதிரி, அதே நிதானத்தோடு. அவள் பேசாமல் இருந்தாள். அப்போதும் சார் கண்ணை மூடித் திறந்தார். வெளியே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. “என்ன சொல்றாரு கண்ணு?” என்று கேட்டுக்கொண்டே அம்மா வந்தார். “சரின்னுட்டாரும்மா” என்றாள். அதற்குப் பிறகு அவள் ஒருபோதும் இரண்டு தடவை படிக்கவில்லை.

பையிலிருந்து செல்பேசியை எடுத்தாள். மேடையில் யாரோ கவிதை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள், சார் ஒரு ஆலமரம் என்றும் நாங்கள் விழுதுகள் என்றும். இதழின் பக்கம் மெல்லத் திறந்தது. மதிப்பாய்வு எழுதும் இடத்தில், ஆசிரியருக்கு மட்டும் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அடித்தாள், ஆங்கிலத்தில், சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோலச் சின்னச் சின்ன வாக்கியங்களாக. பேராசிரியர் மாதப்பன் இறந்துவிட்டார். அவருக்குப் பக்கவாதம் வந்தபின் அவர் பெயரில் உங்களுக்கு வந்த மதிப்பாய்வுகளை எழுதியது நான். அவர் அவற்றைப் படிக்கவில்லை, படிக்கும் நிலையில் இல்லை. இந்தக் கட்டுரையில் உள்ள மூன்று படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். என்னை நம்ப வேண்டியதில்லை, படங்களைப் பாருங்கள். கீழே தன் பெயர், தன் துறை. அனுப்பு என்று அழுத்தினாள். சிவப்பு எழுத்தில் இயந்திரம் சொன்னது, முதலில் தங்கள் பரிந்துரையைத் தேர்ந்தெடுக்கவும். ஏற்கலாம், சிறு திருத்தம், பெரும் திருத்தம், நிராகரிப்பு. எதை அழுத்தினாலும் அது சார் சொன்னதாகிவிடும். அவள் பின்னால் போய், ஏற்றுக்கொண்ட மதிப்பாய்விலிருந்து விலகும் இடத்தைத் தேடினாள். காரணம் கேட்டது. நேரமின்மை, துறை பொருந்தவில்லை, எழுதியவருடன் தொடர்பு, மற்றவை. இறப்பு என்று ஒரு காரணம் இல்லை. மற்றவை என்பதைத் தொட்டாள், கட்டம் திறந்தது, எழுதியதை அதில் ஒட்டினாள். கட்டை விரல் வியர்த்திருந்ததால் திரை இரண்டு தடவை அவளைக் கண்டுகொள்ளவில்லை. சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். போய்விட்டது. மேடையில் ஆலமரம் சாய்ந்துகொண்டிருந்தது.  கல்லூரி விசாரிக்கும், பட்டத்தைக்கூடக் கேள்வி கேட்பார்கள், இந்த அறையில் இதே நாற்காலிகளில் உட்கார்ந்து கேட்பார்கள். அந்தச் சான்றிதழ்ச் சட்டத்தை எடுத்துவிடச் சொல்லி அம்மாவிடம் யார் போய்ச் சொல்வது? உடனே பச்சை வட்டத்தில் பதில் வந்தது, மனிதர் யாரும் படித்திருக்க முடியாத வேகத்தில். மதிப்புக்குரிய பேராசிரியர் மாதப்பன் அவர்களுக்கு, இம்முறை தங்களால் இயலவில்லை என்பதை அறிந்தோம். தங்களைப் போன்றோரின் நேர்மையே எங்கள் இதழின் பலம். அடுத்த கட்டுரையுடன் விரைவில் தங்களை அழைப்போம்.

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அப்படியென்றால் எங்கும் போகவில்லை. மற்றவை என்ற கட்டத்துக்குள் விழுந்து கிடக்கிறது, யாரும் எட்டிப் பார்க்காத கட்டம், இன்னும் யாருக்கும் எதுவும் தெரியாது, இன்னும் புகழேந்தியின் மேசையில் கோப்பு திறந்தபடி இருக்கிறது. நெஞ்சில் ஒரு பெரிய ஆறுதல் ஏறியது, அந்த ஆறுதலைப் பார்த்து அவளுக்குப் பயமாக இருந்தது. சொல்லியும் ஆயிற்று, யாருக்கும் கேட்கவும் இல்லை. இதைவிட வசதி உண்டா? “யாரு கண்ணு?” என்றார் ராஜாமணி அம்மா, மெதுவாக. “சாருக்கு வந்ததும்மா.” “என்னவாம்?” “இன்னொரு கட்டுரை அனுப்பறாங்களாம்.” அம்மா காபித் தம்ளரைக் கீழே வைத்தார். மேடையில் இருந்த சட்டத்தைப் பார்த்தார். பிறகு, “பதில் போட்டுரு. யாரையும் காக்க வெக்கறது அவருக்குப் பிடிக்காது” என்றார். தமயந்தி அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் எதுவும் இல்லை, ஒரு வீட்டு வேலையை நினைவுபடுத்துகிறவரின் முகம்தான். “இனிமே அவர் இல்லைன்னு எழுதிரவாம்மா?” “அதைத்தானே எழுதணும்?” என்றார் அம்மா. “அதை எழுதினா அப்புறம் நிறைய கேப்பாங்கம்மா. சாரைப் பத்தியும் கேப்பாங்க. அவர் படிச்சாரா, நான் எழுதினேனான்னு.”  அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றினார், பிரித்தார். “கதவுக்குப் பின்னாடிதானே நின்னேன் நான்” என்றார். “கடைக்குப் போறேன்னு சொன்ன அன்னிக்கும்.”  தமயந்திக்குக் காதுக்குள் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. மேடையில் கவிதை முடிந்து யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அவள் நீல வட்டத்தைத் திறந்தாள். ஆசிரியரின் முகவரியைத் தேடி எடுத்தாள், நார்வேக்காரர், வரிக்கு வரி நன்றி சொல்கிறவர். அதே வாக்கியங்களை ஒட்டினாள். மூன்று படங்களையும் இணைத்தாள். அனுப்புநர் இடத்தில் அவள் பெயர் இருந்தது, பெரிய பெயர் ஒன்றும் இல்லை. அழுத்தினாள். இந்தத் தடவை எந்தப் பதிலும் உடனே வரவில்லை.

“அடுத்து, சாரின் கடைசி மாணவி, நம் துறையின் தமயந்தி அவர்கள்” என்று மைக்கில் புகழேந்தியின் குரல் கேட்டது. அவள் எழுந்தாள். கதிரேசன் பின்னாலிருந்து, “சுருக்கமா முடிங்க மேடம், பசிக்குது” என்றார். படிகளில் ஏறும்போது படத்தில் இருந்த தோள் கிட்டத்தில் வந்தது, கரையில் ஒரு நூல் பிரிந்திருப்பதுகூடத் தெரிந்தது. மைக்கை அவள் கையில் கொடுக்கும்போது புகழேந்தி தலையைச் சாய்த்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, “முடிச்சிட்டீங்களா?” என்றார். “முடிச்சிட்டேன் சார்.” “நல்லது. சார் ஆத்மா சாந்தியடையும்” என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த முகத்தோடு தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். மைக் கனமாக இருந்தது, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. முன்வரிசையில் ராஜாமணி அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வழக்கமாக வாய்க்குப் போகிற கை இப்போது மைக்கைப் பிடித்திருந்தது. தமயந்தி வாயைத் திறந்தாள்.